மூக்குக்கு எத்தனை பர்சன்ட்

அங்க உக்காராதீங்க தம்பி. எவனோ வெத்தலை எச்சியத் துப்பி வச்சிருக்கான் பாருங்க, பெஞ்சு காலு பூராம். இங்கிட்டு வாங்க. இருங்க, துடைச்சு விடுறேன். நான் எப்பவும் ரெண்டு கைக்குட்டை வச்சிருப்பேன். ஒண்ணு மூஞ்சிக்கு, இன்னொண்ணு இந்த மாதிரிக் கருமத்துக்கு. ச்சை, என்ன நாத்தம். பினாயில ஊத்திட்டா சுத்தம்னு நெனப்பு இவய்ங்களுக்கு. எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை, அதான் இந்தப் பாடு.

ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கா உக்காந்திருக்கீங்க? அது வர நேரமாகும். யாருக்கு, மச்சினனுக்கா? தலையில அடியா? ம். ஹெல்மெட்டு பெட்ரோல் டேங்க் மேல இருந்திருக்கும். நம்மாளுக வண்டிக்குத்தான ஹெல்மெட் போடுறது.

நேத்து வந்து சேந்ததுல இருந்து எத்தனை பேரு உங்ககிட்ட கார்டு குடுத்தாய்ங்க? மூணு பேரா? கேஸ் நடத்தித் தர்றோம், ஒத்தப் பைசா வேணாம், கையெழுத்து மட்டும் போடுங்கன்னு சொல்லியிருப்பாய்ங்களே. தூ. பிணந்தின்னிப் பயலுக. ரத்தம் காயறதுக்குள்ள வக்காலத்துப் பேப்பர நீட்டுறாய்ங்க. என்னைய அப்படிப் பாக்காதீங்க தம்பி, நான் அந்தக் கூட்டம் கிடையாது. நான் வக்கீல் குமாஸ்தா. பேரு சந்திரபோஸ். வக்கீல் ராஜாங்கம் ஐயாகிட்ட இருபத்திரண்டு வருசம். ஆக்சிடெண்ட் கேஸ் மட்டுந்தான் பாக்குறோம். நாங்க வார்டுக்குள்ள போயிக் கார்டு குடுக்க மாட்டோம். வாசல்ல நிப்போம், அவ்வளவுதான்.

கை போனது, கால் போனது, ஆளே போனது, எல்லாம் பாத்தாச்சு. இருக்கதுலயே சள்ளை புடிச்சது இந்தத் தலைக் கேஸுதான். கால் போனா ஜட்ஜு கண்ணுக்குத் தெரியும். கட்டைய ஊண்டிக்கிட்டு வந்து நின்னா அவருக்கே மனசு எளகும். தலைக்குள்ள போனது எவன் கண்ணுக்குத் தெரியும்? ஆளு பாக்கக் குத்துக்கல்லு மாதிரி நிப்பான். அதனாலதான் தம்பி சொல்றேன், உங்க மச்சினன் கண்ணு முழிச்சதும் வீட்டுல இருக்குற பொம்பளைகளுக்கு முதல்ல புத்தி சொல்லி வைங்க. நான் ஒரு பொம்பளைகிட்டப் பட்ட பாட்டச் சொல்றேன், கேளுங்க. எனக்கும் யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும். மனசு வெறுத்துப் போய் உக்காந்திருக்கேன்.

வீரணன்னு ஒருத்தரு. கல்யாணச் சமையல் மாஸ்டர். சின்ன ஆளு இல்ல, ஆயிரம் எலை, ஆயிரத்தைநூறு எலைன்னு போடுற ஆளு. ரெண்டே முக்கால் வருசத்துக்கு முன்னாடி ஒரு முகூர்த்தத்த முடிச்சுட்டு மத்தியானம் டிவிஎஸ் வண்டியில வந்திருக்காரு. பின்னாடி வந்த கல்லு லாரி இடிச்சுருச்சு. காதுல ரத்தம். தூக்கிட்டு வந்து மண்டையத் தொறந்து ஆபரேசன் பண்ணி, மண்டையோட்டுல ஒரு துண்ட எடுத்து அவரு வயித்துக்குள்ளயே வச்சுத் தச்சுட்டாய்ங்க. மூளை வீக்கம் வத்துனதும் திரும்ப எடுத்து மாட்டுவாய்ங்களாம். அவரு சம்சாரம், அன்னக்கொடின்னு பேரு, அந்த வயித்தத் தொட்டுத் தொட்டுக் காட்டுறா, 'இங்கதான் இருக்குண்ணே எலும்பு'ன்னு. நான் கைக்குட்டைய எடுத்து மூக்குல வச்சுக்கிட்டேன். ஆனாலும் தொழில்னு ஒண்ணு இருக்குல்ல. அந்த ஆளு கெடந்த கெடையப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, எண்பது பர்சன்டுக்குக் கொறையாது. பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரிக் கேஸு.

பர்சன்டுனா என்னன்னு கேக்குறீங்களா? ஆஸ்பத்திரியில மெடிக்கல் போர்டுன்னு ஒண்ணு உக்காரும். ஆளப் பாத்து, இவருக்கு இத்தனை சதவீதம் ஊனம்னு எழுதிக் குடுப்பாய்ங்க. அத வச்சுத்தான் கோர்ட்டுல நஷ்டஈடு. அந்த நம்பருதான் தம்பி எல்லாம். மத்ததெல்லாம் சும்மா.

அன்னக்கொடி ஏழு இடத்துல கையெழுத்துப் போட்டா. படிக்காம போட்டா. போடும்போது ஒரு பையில இருந்து வீட்டுக்காரரோட விசிட்டிங் கார்டு எடுத்து நீட்டுறா. 'வீரணன், சமையல் மாஸ்டர், சைவம் அசைவம்'னு பிள்ளையார் படம் போட்டு அச்சடிச்சது. 'அண்ணே, இதையும் சேத்துக்கங்க'ன்னா. நான் வாங்கி மேசையில வச்சுட்டேன். பெட்டிஷன்ல கூலின்னு எழுதுனேன். எப்பவுமே அப்படித்தான் எழுதுறது. மாஸ்டர்னு போட்டா, சம்பளத்துக்கு ருசு எங்க, எவன் வீட்டுக் கல்யாணம், சாட்சியக் கூட்டிட்டு வான்னு கேப்பாய்ங்க. கூலின்னு போட்டுட்டா ஒரு கேள்வி கிடையாது. என் கையால எழுதுன பெட்டிஷன்ல சர்க்கார் வாத்தியாரத் தவிர அம்புட்டு பேரும் கூலிதான். வேலை சுளுவா முடியும்ல.

அப்பறம் ஒரு ஒம்பது மாசம் கழிச்சு, டிஸ்சார்ஜ் சம்மரி வாங்க அவுக வீட்டுக்குப் போறேன். உள்ள நுழைஞ்சா என்ன பாக்குறேன்? சுளகுல கத்திரிக்கா, வெண்டைக்கா, முருங்கைக்கான்னு பரப்பி வச்சிருக்கா. ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி, 'இது என்ன, சொல்லுங்க'ங்குறா. அந்தாளு கத்திரிக்காயப் பாத்துட்டு, 'அது... அது... எண்ணெயில வதக்குறது'ங்குறாரு. செய்யுறது வருது, பேரு வரல. 'வதக்குறது சரி, பேரச் சொல்லுங்க'ங்குறா. வேர்த்துக் கொட்டுது அந்தாளுக்கு. கடைசியில 'கத்திரிக்கா'ன்னுட்டாரு. இவளுக்கு வாயெல்லாம் பல்லு. தெனமும் காலையில ரெண்டு மணி நேரம் இதே வேலையாம். சட்டைப் பித்தான் போடப் பழக்கிட்டாளாம். காய் வெட்டப் பழக்கிட்டாளாம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'ஏத்தா, என்ன காரியம் பண்ணிட்டிருக்க? நாங்க எண்பது பர்சன்டுன்னு கேஸக் கட்டிக்கிட்டு இருக்கோம். நீ கத்திரிக்காயச் சொல்ல வச்சு அத எழுபதாக்கிட்ட. இன்னும் முருங்கைக்காயச் சொன்னாருன்னா அறுபது'ன்னேன். 'போர்டு முடியுற வரைக்கும் சும்மா விடு. அதுக்கப்பறம் நீ பள்ளிக்கூடமே நடத்து'ன்னு சொன்னேன். நியாயமான பேச்சுத்தான?

அதுக்கு அவ கேக்குறா, 'அண்ணே, என் பேரே அவருக்கு நாலு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு. ஒருநா காலையில அன்னம்னு கூப்பிட்டாரு. அதுக்கு எத்தனை பர்சன்ட் போகும்?'

நான் பத்து போகும்னேன். அவ அடுத்த காயக் கையில எடுத்தா. நான் சொன்னது உள்ளதுதான தம்பி. பொண்டாட்டி பேரச் சொல்றவனுக்கு எவன் எண்பது போடுவான்?

அன்னைக்கே இன்னொண்ணும் சொன்னா. 'அவருக்கு வாசனை தெரியலண்ணே. ஒண்ணுமே தெரியல. கேஸ் குழாய் கழண்டு கெடந்து வீடு பூரா நாறுது, அடுப்பு பக்கத்துலயே நிக்குறாரு. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து அமத்துச்சு'ன்னா. 'முன்னாடியெல்லாம் சாம்பார நாக்குல வச்சுப் பாக்கவே மாட்டாருண்ணே. பந்திக்குப் போறத எச்சப் பண்ணக்கூடாதும்பாரு. நாலு அடி தள்ளி நின்னு மோந்தே உப்பு பத்தலன்னு சொல்லிருவாரு. இப்ப வாசன இல்லாம எந்தக் கல்யாணத்துல போயி நிப்பாரு? அத எழுதுங்கண்ணே'ன்னா. நாலு தடவ சொல்லியிருப்பா. அன்னைக்கு ஒரு தடவ, ஆபீசுக்கு வந்து ரெண்டு தடவ, போன்ல ஒரு தடவ.

நான் என்னத்தச் சொல்ல? 'மூக்குக்கெல்லாம் கோர்ட்டுல காசு கிடையாது தாயி'ன்னேன். இருபத்திரண்டு வருசத்துல ஒரு பய மூக்குக்குக் கேட்டதில்ல. கண்ணக் கேக்கலாம், காதக் கேக்கலாம். வாசனைக்கு எவனாவது கேப்பானா? நாலு பேரு சிரிக்க மாட்டாய்ங்க?

சரி, போர்டு வந்துச்சு. நான் மூணு நாளைக்கு முன்னாடியே போயி அந்தாளுக்குப் பாடம் எடுத்தேன். 'பேரு கேட்டா ஒடனே சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் மேல பாருங்க. அப்பறம் மனைவியப் பாருங்க. என்ன கிழமைன்னு கேட்டா தலையச் சொறிங்க.' அன்னக்கொடிகிட்ட, 'சவரம் பண்ணாத, அழுக்கு வேட்டியோட கூட்டியா'ன்னு தெளிவாச் சொன்னேன். போர்டு அன்னைக்குக் காலையில வந்து எறங்குறாய்ங்க பாருங்க. அந்தாளு மழுமழுன்னு சவரம் பண்ணி, வெள்ளச் சட்டை போட்டு, விபூதி பூசி, மாப்பிள்ளை கணக்கா நிக்குறாரு. 'பெரிய பெரிய டாக்டருக முன்னாடி போறோம், அழுக்கா எப்படிண்ணே கூட்டிட்டு வர்றது? மரியாதையா இருக்காதே'ங்குறா. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

உள்ள மூணு டாக்டருக. நடுவுல இருந்தவரு எலும்பு டாக்டர். ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிசம்தான், வெளிய நாப்பது பேரு நிக்குறாய்ங்க. நானும் உறவுக்காரன் மாதிரி உள்ள போயி ஓரமா நின்னேன். 'எப்படி இருக்கீங்க'ன்னாரு டாக்டர். 'நல்லா இருக்கேங்கய்யா. நீங்க சாப்டீங்களா?'ங்குறாரு இவரு! எந்த ஊருல தம்பி சீக்காளி டாக்டரப் பாத்து சாப்டீங்களாங்குறான்? டாக்டருக சிரிச்சுட்டாய்ங்க. சரி, தொலையுதுன்னு பாத்தேன். அடுத்து 'உங்க பேரு என்ன'ன்னாரு. இவரு மேல பாத்தாரு. காத்தாடியப் பாத்தாரு. பரவாயில்ல, ஞாபகம் இருக்குன்னு எனக்கு நிம்மதி. 'என்ன மேல பாக்குறீங்க'ன்னு டாக்டர் கேட்டாரு. இந்த மனுசன் என்னையப் பாத்துக் கையை நீட்டி, 'இவருதாங்கய்யா மேல பாக்கச் சொன்னாரு. என் பேரு வீரணன்'னுட்டாரு.

வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி ஒடைஞ்ச கதை. எனக்கு மூஞ்சிய எங்க வைக்கன்னு தெரியல. டாக்டர் கண்ணாடியக் கழட்டிட்டு என்னையப் பாக்குறாரு. 'வெளிய போங்க'ன்னாரு. பர்சன்ட் எத்தனைன்னு நெனைக்கிறீங்க? பதினெட்டு. அதுலயும் கீழ ஒரு வரி, 'நோயாளி பாதிப்பை மிகைப்படுத்திக் காட்டுகிறார்'னு. ஒரு பொய் சொல்லத் துப்பில்ல. உலகத்துல சின்னப் புள்ளை சொல்லும் தம்பி ஒரு பொய்.

வெளிய வந்து கத்துனேன். அன்னக்கொடி அழுகல. 'முன்னாடியெல்லாம் இவரு இப்படி இல்லண்ணே. எந்த வார்த்தைய எங்க சொல்லணும்னு தெரிஞ்ச மனுசன். பொண்ணு வீட்டுச் சண்டை, மாப்பிள்ளை வீட்டுச் சண்டையெல்லாம் பந்தியிலயே சிரிச்சுப் பேசி அமத்திருவாரு. இப்ப மனசுல வந்தது அப்படியே வாயில வந்துருது. அதுதாண்ணே இவருக்கு நோவே. அந்த டாக்டர்கிட்ட போயி அதச் சொல்லுங்க'ங்குறா. நான் போயி என்னத்தச் சொல்றது? இவரு உண்மை பேசுறாரு, அதுக்கு ஒரு இருபது பர்சன்ட் சேத்துப் போடுங்கன்னா? 'போத்தா'ன்னுட்டு வந்துட்டேன்.

அப்பறம் கோர்ட்டு. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அன்னக்கொடியக் கூண்டுல நிக்க வச்சுக் கேக்குறாரு. 'ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரரு காய் வெட்டுறாரா?' 'வெட்டுறாருங்க.' 'கடைக்குப் போறாரா?' 'போறாருங்க, திரும்பி வர வழி தெரியாது, நான்தான் போயி...' 'போறாரு. அத எழுதிக்கங்க.' இப்படியே போச்சு. திடீர்னு இவ ஜட்ஜப் பாத்து, 'ஐயா, எங்க வீட்டுக்காரரு கூலி இல்லைங்க. சமையல் மாஸ்டருங்க. அவருக்கு வாசனை போயிருச்சுங்க'ன்னுட்டா. இன்சூரன்ஸ் வக்கீல் சிரிச்சுக்கிட்டே பெட்டிஷனக் காட்டுறாரு. 'கூலின்னு போட்டிருக்கு. கீழ கையெழுத்து யாரோடது?' 'என்னோடதுங்க'ன்னா.

ஜட்ஜுக்கு அது என்னமோ மனசுல பட்டுருச்சு. எழுதிக்கிட்டு இருந்தவரு பேனாவ வச்சுட்டாரு. எங்க ஐயாவப் பாத்து, 'சமையல்காரருக்கு வாசனை போச்சுன்னா தொழிலே போச்சே வக்கீல் சார். நூத்துக்கு நூறாச்சே. இத ஏன் பெட்டிஷன்ல சொல்லல? மூக்கு டாக்டர் சர்டிபிகேட் எங்க?'ன்னாரு. எங்க ஐயா என் பக்கம் திரும்புனாரு. கோர்ட்டே திரும்புச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க? இருபத்திரண்டு வருசம் சோறு போட்ட மனுசன் முன்னாடி நிக்குறாரு. 'கிளையண்ட் எங்ககிட்ட இதச் சொல்லவே இல்லைங்கய்யா'ன்னேன். தொழில்ல அப்படித்தான் சொல்றது. அன்னக்கொடி கூண்டுல இருந்தா. என்னையப் பாத்தா. பேசியிருந்தாக்கூடத் தேவலை.

கேஸ் இப்படி ஆனதும் எங்க ஐயா, லோக் அதாலத்துல சமரசம் பேசி முடிச்சுருவோம்னாரு. கம்பெனிக்காரனும் ஒரு தொகைக்கு ஒத்துக்கிட்டான். ஆஸ்பத்திரிக் கடன அடைச்சாக் கையில மிச்சம் நிக்காத தொகைதான். ஆனாலும் வந்த வரைக்கும் லாபம். அந்த சமரசப் பேப்பர்ல கையெழுத்து வாங்க நான்தான் போனேன். போகப் புடிக்கல, இருந்தாலும் போனேன்.

போன நேரம் அவ ரேஷன் கடைக்குப் போயிருக்கா. அந்தாளு மட்டும் இருக்காரு. 'வாங்க வாங்க, சாப்டீங்களா? உக்காருங்க'ன்னு கையப் புடிச்சு உக்கார வச்சு, எலையைப் போட்டுத் தண்ணி தெளிச்சுட்டாரு. வேணாம்னா கேக்கணுமே. சோத்தப் போட்டு சாம்பார ஊத்துனாரு. தம்பி, ஊத்தும்போதே எனக்கு மூக்குல ஏறுச்சு. முந்தாநாள் சாம்பாரு. நுரை கட்டிப் புளிச்சு, அழுகுன முட்டை நாத்தம். கொட்டுறதுக்குன்னு ஓரமா எடுத்து வச்சிருந்திருக்கா, இவரு எடுத்துச் சூடு பண்ணி ஊத்துறாரு. என் மூக்குக்கு, வாசல்லயே கண்டுபிடிச்சிருக்கணும். சொல்லுவோம்னு வாயத் தொறந்தேன். அவரு கரண்டியக் கையில புடிச்சுக்கிட்டு, எலை முன்னாடி லேசாக் குனிஞ்சு, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்குறாரு. ஆயிரம் பந்தியில நின்ன நிப்பு அது. முதல் வாய் உள்ள போறதப் பாக்குறதுக்காக நிக்குறாரு.

தின்னேன். ஏன் தின்னேன்னு கேக்காதீங்க. தலையில அடிபட்ட மனுசன், கரண்டியால அடிச்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்ததா வச்சுக்கங்க. மூணு வாய் முழுங்குனேன். 'எப்படி இருக்கு?'ன்னாரு. 'நல்லாருக்கு மாஸ்டர்'னேன். அந்த வார்த்தையில அவரு மூஞ்சி எப்படி ஆச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. இன்னொரு கரண்டி ஊத்துனாரு.

அந்நேரம் பாத்து அன்னக்கொடி வந்துட்டா. வாசப்படியிலயே நின்னு மூக்கப் பொத்துனா. அரிசிப் பைய அப்படியே போட்டுட்டு ஓடிவந்து எலைய இழுத்தா. 'ஐயோ, கெட்டுப்போனதுண்ணே! நாறுதே, உங்களுக்குத் தெரியலையா? ஏண்ணே சொல்லல?' எனக்குக் கொல்லைக்கு ஓடத்தான் நேரம் சரியா இருந்துச்சு. சாக்கடை ஓரமா உக்காந்து கொடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தேன். பின்னாடி அவரு பேசுறது கேக்குது. கத்தல. மெதுவாத்தான் கேக்குறாரு. 'நல்லாருக்குன்னு சொன்னாரே அன்னம். நீயும் தெனமும் நல்லாருக்குன்னுதான சொல்ற. அப்ப நேத்து வச்சது? போன வாரம் வச்சது? எல்லாமே இப்படித்தானா?' 'எல்லாமே இப்படித்தானா?'ன்னு மறுபடியும் கேக்குறாரு. அப்பறம் கரண்டியக் கீழ வைக்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

எனக்கு அந்த எடத்துல நிக்கவே புடிக்கல. மூஞ்சியக் கழுவிட்டு, பேப்பர நீட்டி, 'கையெழுத்துப் போடுத்தா, முடிச்சுக்குவோம்'னேன். அவ சொம்புல மோரக் கலக்கிக் கொண்டாந்து குடுத்தா. நான் குடிக்கிற வரைக்கும் நின்னா. அப்பறம், 'அண்ணே, வெளியாளுக்கு முன்னாடி இப்படி நடந்தது இதான் முதல் தடவ. நீங்க ஒருத்தருதான் சாட்சி. இன்னைக்கு நடந்தத ஜட்ஜு ஐயாகிட்ட வந்து சொல்லுவீங்களா? நான் முன்னாடியே உங்ககிட்டச் சொன்னேன்னும் சொல்லுவீங்களா?'

எப்படிச் சொல்றது தம்பி? 'குமாஸ்தா கட்சிக்காரர் ரகசியத்த வெளிய சொல்லக்கூடாது, அது சட்டம்'னேன். 'ரகசியம் என்னோடதுதாண்ணே. நானே சொல்லுங்கங்குறேனே'ங்குறா. எங்கிட்டு இருந்துதான் இப்படிப் பேசப் படிச்சாளோ. கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டா.

அடுத்த வாரமே கோர்ட்டுக்குள்ள இருக்குற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போயிருக்கா. அங்க யாஸ்மின்னு ஒரு பொம்பள வக்கீல், நேத்து கவுன் மாட்டுன பொண்ணு. அது எங்க ஐயாகிட்ட வந்து, நாங்களே கேஸ நடத்திக்கிறோம், கேஸ் கட்டக் குடுங்கன்னு வாங்கிட்டுப் போயிருச்சு. காசில்லாத எடத்துல போயி விழுந்தா இப்படித்தான், சோறு போட்ட கையவே கடிக்கச் சொல்லிக் குடுப்பாய்ங்க. தொழிலச் சமையல் மாஸ்டர்னு திருத்தணும், மூக்கு டாக்டர்கிட்ட அனுப்பணும், மூளை டாக்டரோட புது போர்டு வேணும்னு மனு போட்டிருக்கு. கம்பெனிக்காரன் விடுவானா? இதெல்லாம் பின்னால ஜோடிச்சது, ஆரம்பத்துலயே ஏன் சொல்லலைன்னு கேக்குறான். கேக்கத்தான செய்வான். அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? எனக்குச் சம்மன் அனுப்பிருச்சு. சாட்சி சந்திரபோஸ், வக்கீல் குமாஸ்தா. நாளைக்குக் காலையில பத்தரை மணிக்கு.

இருபத்திரண்டு வருசமா நான் ஊருக்கே சம்மன் குடுத்தவன் தம்பி. என் பேரு போட்டு எனக்கே ஒண்ணு வருது. என் சம்சாரம் கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சிருக்கா. இப்படி ஒரு கேவலம் எவனுக்கும் வரக்கூடாது. நான் போயி, ஆமா, நாலு தடவ சொன்னா, நான்தான் எழுதலைன்னு சொன்னா அந்தாளுக்குப் பூராப் பணமும் கெடைக்குமாம். அந்தப் பொண்ணே என்கிட்ட வந்து சொல்லுது. 'ரெண்டே வரி சார், உள்ளதச் சொன்னாப் போதும்'ங்குது. அது சுளுவாச் சொல்லிருச்சு. நான் அந்த ரெண்டு வரியச் சொல்லிட்டு எந்த ஆபீசுக்குத் திரும்பப் போறது?

எங்க ஐயா இன்னைக்குக் காலையில கூப்பிட்டாரு. கோவமெல்லாம் படல. நல்ல மனுசன். ஏதோ கேஸ் கட்டப் பாத்துக்கிட்டே, 'போஸு, நாளைக்கு உனக்கு உடம்பு சரியில்ல'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. மெடிக்கல் சர்டிபிகேட் ஒண்ணு குடுத்துட்டா வாய்தா விழும். அதுக்கப்பறம் இன்னொண்ணு. அந்த ஜட்ஜுக்கு மாறுதல் வர்ற நேரந்தான்.

அதுக்குத்தான் இங்க வந்து இந்த நாத்தத்துல உக்காந்திருக்கேன். எப்பவும் எழுதிக் குடுக்குற டாக்டர் லீவாம். புதுசா ஒருத்தரு வந்திருக்காராம். ஆளத் தொட்டுப் பாக்காம, நாக்க நீட்டச் சொல்லாம ஒரு வரி எழுத மாட்டாராம். கண்ணப் பாத்தே கண்டுபிடிச்சுருவாருன்னு நர்சம்மா சொல்லுது. வயித்து வலின்னு சொல்லுவோமா, தலை சுத்துதுன்னு சொல்லுவோமான்னு காலையில இருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

இந்தா, கூப்பிடுறாய்ங்க. நாப்பத்தி மூணு. என் நம்பருதான். வர்றேம்மா, வர்றேன். தம்பி, உங்க மச்சினன் விசயமா என்ன வேணும்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க. இருங்க, போறதுக்கு முன்னாடி ஒண்ணு. சும்மா முகத்துக்காகச் சொல்லாதீங்க, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்தா சீக்காளி மாதிரித் தெரியுதா?